பழைய நிழற்படங்களிற் போர்வண்டிகளை அறிதல்

ஏட்டுச்சுவடி பயில்வார்க்குப் பாடபேதம் புதிதன்று. ஓர் எழுத்தை ஒருவர் பிறழ எழுதிவிடின், பின்னர்ப் படியெடுப்போர் பலரும் அப்பிழையையே மெய்யெனக் கொண்டு எழுதிச் செல்வர். பழைய யுத்த நிழற்படங்களின் அடியிற் காணும் குறிப்புக்களின் கதியும் இதுவே. ஒரு பத்திரிகையில் தவறான பெயருடன் வெளிவந்த படம், பின்னர் எழுந்த நூல்களிலும் அப்பெயருடனேயே உலவும். குறிப்பை நம்பாது படத்தையே மூல ஏடாகக் கொண்டு உண்மை தெளியும் முறை ஒன்றுண்டு. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலக யுத்தத்தின் டாங்கிகளை உதாரணமாகக் கொண்டு அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதலாவது நோக்கத்தக்கது வடிவம். மேலே தீட்டிய குறியன்று. பிரிட்டிஷாரின் பெரிய டாங்கி பக்கத்திலிருந்து நோக்குவார்க்குச் சாய்ந்த நாற்கோணமாகத் தோன்றும். அதன் சங்கிலிப் பட்டை உடல் முழுவதையும் சுற்றி ஓடும். ஜெர்மானியர் இயற்றிய ஏ7வி என்னும் டாங்கியோ இரும்புப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தாற் போன்றது. பட்டைகள் அதன் அடியில் மறைந்து கிடக்கும். யுத்தத்திற்கென இயற்றப்பட்ட ஏ7விக்கள் 20 மாத்திரமே. ஆதலின் ஜெர்மானியர் தம் டாங்கிகளினும் மிகுதியாகப் பகைவரிடம் கைப்பற்றிய பிரிட்டிஷ் டாங்கிகளையே செலுத்தினர். அவற்றின்மேல் தங்கள் சிலுவைக் குறியையும் தீட்டினர். சாய்ந்த நாற்கோண வடிவமும் சிலுவைக் குறியும் ஒருங்கே காணும் படம், செய்தவர் ஒருவர், செலுத்தியவர் மற்றொருவர் என்பதனை உணர்த்தும். இக்குழப்பத்தைத் தவிர்த்தற்பொருட்டே பிரிட்டிஷார் 1918இல் தம் டாங்கிகளில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்னும் பட்டைக் கோடுகளைத் தீட்டலாயினர்.

இனி, ஒரே இனத்துள்ளும் பிரிவுகள் பல. 1916 செப்டம்பர் 15ஆந் தேதி சாம் யுத்தத்தில் முதன்முதல் களம் புகுந்தது மார்க் 1 டாங்கி. அதன் பின்னே, திருப்புதற்கு உதவியாக, இரண்டு சக்கரங்கள் வால்போல் நீண்டிருக்கும். 1917 ஜூன் மாதம் மெசீன் யுத்தத்தில் வந்த மார்க் 4இல் அவ்வால் இல்லை. பெட்ரோல் தொட்டி பின்புறத்துக் கொம்புகளிரண்டுக்கும் இடையே வெளியில் அமைந்திருக்கும். 1918இல் வந்த மார்க் 5இன் கூரையிற் பின்பக்கமாகச் சிறிய அறை ஒன்று உயர்ந்து நிற்கும். இவற்றுள் ஆண், பெண் என்னும் பாகுபாடும் உண்டு. விலாப்புறக் கூடுகளிற் பீரங்கி தாங்கியது ஆண். யந்திரத் துப்பாக்கிகளை மாத்திரம் தாங்கியது பெண்.

ஆயினும் இன்மையைக் கொண்டு முடிவு கட்டுதல் ஆபத்தாகும். வாற்சக்கரம் பயன்படாதென்று கண்டு மார்க் 1இனின்றும் விரைவில் நீக்கிவிட்டனர். ஆகவே சக்கரம் இருப்பின் அது மார்க் 1 என்று துணியலாம். இல்லையேல் மார்க் 1 அன்று என்று துணிதல் கூடாது. காலத்தை வரையறுப்பதிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். மார்க் 5 போர்க்களத்தில் நிற்கும் படம் 1918க்கு முற்பட்டதாதல் இயலாது, இது மேலெல்லை. மார்க் 1 காணும் படமோ 1916இலேயே எடுக்கப்பட்டது என்று சொல்லற்கில்லை. உடைந்த டாங்கிகள் களத்தில் நெடுங்காலம் கிடந்தன. ஒரு நூலின் காலத்தை ஆராய்வோர் மேலெல்லையும் கீழெல்லையும் வேறுவேறாக நாடுவது போன்றதே இதுவும்.

படம் பிடித்த கருவியின் இயல்பையும் அறிதல் வேண்டும். அக்காலத்துப் பெரும்பாலான தகடுகள் செந்நிறத்தை உணரமாட்டா. ஆதலின் சிவப்பு கருமையாகவும், நீலம் வெளுப்பாகவும் பதியும். படத்திற் கறுப்பாய்க் காணும் கோடு உண்மையிற் சிவப்பாக இருந்திருக்கலாம். தகட்டைப் புறம்மாற்றி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகும். எழுத்துக்கள் இருப்பின் அவை தலைமாறி நின்று குற்றத்தைக் காட்டிக் கொடுக்கும். இல்லையேல் அருகில் நிற்கும் சிப்பாயின் சட்டையை நோக்குக. ஆடவர் சட்டையில் இடப்பக்கமே வலப்பக்கத்தின்மேற் படியும். அச்சிப்பாயே டாங்கியின் உயரத்தை மதிப்பிடவும் அளவுகோலாவான்.

இத்துணை நுணுகி ஆராய்தலாற் பயன் யாதெனச் சிலர் வினவக்கூடும். இதற்குப் பிரான்ஸ் தேசத்திலுள்ள பிளெஸ்கியேர் என்னும் சிற்றூர் விடை கூறும். 1917 நவம்பர் 20ஆந் தேதி காம்பிரே யுத்தம் தொடங்கிற்று. அன்று பிரிட்டிஷ் சேனையிடம் நானூற்றுக்கு மேற்பட்ட டாங்கிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று இவ்வூரின் வீதியைக் கடந்து சென்று பீரங்கிக் குண்டுகளால் அழிந்தது. பின்னர் மண்ணினுள் மறைந்தது. பல்லாண்டு தேடிய பிலிப் கோர்சின்ஸ்கி என்பாரின் முயற்சியால் 1998இல் அது வெளிவந்தது. மார்க் 4 என்பதும், பெண் வகை என்பதும் வடிவத்தாற் புலனாயின. ஆனால் அத்தகைய பலவற்றுள் இஃது எது? இரும்பிற் கண்ட சேதங்களை யுத்தகாலப் படங்களிற் கண்ட சேதங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். டி 51 என்னும் எண்ணும், டெபோரா என்னும் பெயரும் உடையது அது எனத் தெளிந்தனர்.

எண் தெரிந்தவுடன் அதனுள் இருந்தவர் யாவர் என்பதும் தெரிந்தது. அவருள் ஐவர் அன்று மாண்டனர். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அத்தோட்டத்திற்கு அருகே 2017இல் திறந்த காட்சிசாலையில் டெபோரா இன்று வைக்கப்பட்டிருக்கிறது. எண்பது ஆண்டுகள் மண்ணினுட் கிடந்த இரும்பு, மாண்டாரின் பெயர்களோடு மீண்டும் சேர்ந்தது.

குண்டு துளைத்த ஒரு துவாரம் படத்தில் எவ்விடத்தில் உளது என்று பொறுமையோடு நோக்கியதன் பயன் இது. நம் பாட்டனார் காலத்துப் படம் ஒன்று நம் வீட்டுப் பெட்டியிலும் கிடக்கலாம். அதன் அடியில் ஒரு பெயரை எழுதுமுன், படம் சொல்வது யாது, நாம் கருதுவது யாது என்று பிரித்து அறிந்து எழுதுவோமாக. பிழைபட்ட ஒரு குறிப்பு, இல்லாத குறிப்பினும் தீமை பெரிது விளைக்கும்.