கவியில குடியேறின சிலோன் குடும்பங்கள்: வேலை கிடைச்சது, மண்ணு கிடைச்சதா?



பத்தனம்திட்டாவிலிருந்து குமுளிக்குப் போற கேரள அரசு பஸ்ல ஏறினா, பெரியார் புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள்ள கவின்னு ஒரு ஊர் வரும். 2012ல 'ஆர்டினரி'ன்னு ஒரு மலையாளப் படம் வந்துச்சே, அதுக்கப்புறம் டூரிஸ்ட்டுங்க வரிசை கட்டி வர்ற இடம். அங்க காடு சுத்திக் காட்டுற கைடு, படகு ஓட்டுறவர், கேன்டீன்ல சமைக்கிற அக்கா, நிறைய பேர் தமிழ்தான் பேசுவாங்க. பூர்வீகம் எதுன்னு கேட்டா, 'சிலோன்'னு சொல்வாங்க.

இடுக்கி எல்லையில, யானை நடமாடுற காட்டுக்குள்ள, சிலோன் தமிழங்க எப்படி வந்து சேர்ந்தாங்க? இன்னைக்கு இதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு விஷயம். இவங்க 1983க்கு அப்புறம் போருக்குப் பயந்து படகுல வந்த அகதிகள் இல்ல. இவங்க மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்துல திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துல இருந்து சிலோன் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கூட்டிட்டுப் போகப்பட்டவங்களோட வாரிசுங்க.

இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துல ஒரு குடும்பம்னு வச்சுக்குவோம். அப்பா கவாத்து வெட்டுறாரு, அம்மா கொழுந்து எடுக்குறாங்க, ரெண்டு பிள்ளைங்க. தாத்தா பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளிங்களோட வரிசை வீட்டுலதான். 1948ல இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்சுது. அதே வருஷம் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்துச்சு. 'உன் அப்பா இங்க பிறந்ததுக்கு ஆதாரம் கொண்டா'ன்னு கேட்டுச்சு. தோட்டத்துல பிறந்தவங்களுக்குப் பிறப்புப் பதிவு எங்க இருக்கு? அந்தக் குடும்பம் ஒரே நாள்ல நாடில்லாத குடும்பமா ஆயிடுச்சு. அடுத்து ஓட்டும் போச்சு.

இப்படி நாடில்லாம நின்னவங்க 1964 கணக்குப்படி 9,75,000 பேர். அந்த வருஷம் அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில கையெழுத்துப் போட்டாங்க. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டு, 1974ல இந்திரா காந்தி காலத்துல பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. தொண்டமான் மாதிரி மலையகத் தலைவர்களைக்கூட கலந்து பேசல. ஒரே வீட்டுல அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கைன்னு பிரிஞ்ச கதை ஏராளம்.

ஒப்பந்தம் போட்டாச்சு, ஆனா சனங்க உடனே கிளம்பல. உழைச்ச மண்ணை விட்டுட்டு, பார்க்காத ஊருக்கு யாரு போவா? அவங்களைக் கிளப்பினது ரெண்டு விஷயம். ஒண்ணு, பட்டினி. 1973, 74ல உணவுத் தட்டுப்பாடு வந்தப்ப தோட்டங்கள்ல பசியால சாவே விழுந்துச்சு. இன்னொண்ணு, கலவரம். 1977 ஜூலையில தேர்தல், ஆகஸ்ட்ல தமிழருக்கு எதிரான கலவரம். அரசியலுக்குச் சம்பந்தமே இல்லாத தோட்ட லயங்கள்லயும் தீ வச்சாங்க, பொருளைச் சூறையாடினாங்க. 1981ல ரத்தினபுரிப் பக்கம் மறுபடியும் அடி. 'இனி இங்க பிள்ளைகளை வச்சுக்க முடியாது'ன்னு நம்ம ஹட்டன் குடும்பமும் மூட்டை கட்டிருச்சு.

மலையில இருந்து தலைமன்னாருக்கு ரயில். அங்க ரயிலைக் கோச்சின்னு சொல்வாங்க. ஸ்டேஷன்ல வழியனுப்ப வந்தவங்க கதறின கதறல்ல, அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி'ன்னே பேர் வந்துச்சு. தலைமன்னார்ல இருந்து 'ராமானுஜம்' கப்பல், ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். அங்கதான் யார் எங்க போகணும்னு முடிவாகும்.

இந்தியா இவங்களைத் 'தாயகம் திரும்பியோர்'னு குடிமக்களாவே ஏத்துக்கிச்சு. ஆனா இவங்களுக்குத் தெரிஞ்சது தோட்ட வேலை. அதனால அரசு புதுசா தோட்டங்களையே உருவாக்குச்சு. தமிழ்நாட்டுல நீலகிரியிலயும் வால்பாறையிலயும் டான்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். கேரளாவுல புனலூர் பக்கம் ரப்பர் தோட்டம், இதுக்காகவே 1976ல ஆரம்பிச்ச மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனி. கர்நாடகத்துல சுள்ளியா, புத்தூர் ரப்பர். ஒரு கூட்டம் அந்தமான் பக்கம் கச்சல் தீவு வரைக்கும் போச்சு.

இதுல கவி எங்க வருதுன்னு மேப்பைப் பாருங்க. வால்பாறைக்கு ஒரு பக்கம் பாலக்காட்டுப் பரம்பிக்குளம், இன்னொரு பக்கம் இடுக்கி மலை. அப்படியே தெற்க வாங்க, வண்டிப்பெரியார். அங்கிருந்து வல்லக்கடவு செக்போஸ்ட் தாண்டினா கவி. கேரள வன வளர்ச்சிக் கழகம் அங்க ஏலத்தோட்டம் போட்டு, 1970களோட கடைசியில இருந்து சிலோன் குடும்பங்களைக் குடியேத்துச்சு.

தேயிலை எடுத்த கைக்கு ஏலக்காய் புதுசு. தேயிலை இடுப்பு உயரத்துல நிக்கும், நின்னபடியே கொழுந்து எடுக்கலாம். ஏலத்துல காய் தூருக்குப் பக்கத்துல, சரத்துல காய்க்கும். குனிஞ்சு, உட்கார்ந்து, விளைஞ்ச காயா பார்த்து ஒவ்வொண்ணா எடுக்கணும். மழையும் அட்டையும் சேர்ந்து வரும். இவ்வளவும் கத்துக்கிட்டு நிலைச்சாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல மலையாளம் படிச்சாங்க, வீட்டுல சிலோன் தமிழ் பேசினாங்க. ஏலத்தோட்டத்தோட சுற்றுலாவும் சேர்ந்தப்ப, அந்தக் காட்டை உள்ளங்கை மாதிரி தெரிஞ்ச அடுத்த தலைமுறை கைடா மாறிச்சு.

அப்ப எல்லாம் சுபம்தானே? இங்கதான் சிக்கல்.

முதல் சிக்கல், வீடு. குடியிருக்கிறது கழகத்தோட லயம். வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. ரிட்டயர் ஆனா, வீட்டுல வேற யாருக்காவது அங்க வேலை இருக்கணும். இல்லேன்னா காலி பண்ணணும். காப்பகத்துக்கு நடுவுல இருக்கிறதால அங்க சொந்தமா நிலம் வாங்கவும் வழியில்ல. வால்பாறை, நீலகிரி டான்டீ குடும்பங்களுக்கும் இதே கவலைதான். நஷ்டம்னு சொல்லி டான்டீ தன்னோட தோட்ட நிலத்துல ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கிறதா 2022ல முடிவாச்சு.

ரெண்டாவது, சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. அந்தத் தேதியில குடும்பம் எந்த மாநிலத்துல இருந்துச்சுன்னுதான் கேட்பாங்க. இவங்க அன்னைக்குக் கடல் தாண்டி இருந்தாங்க. பூர்வீகம் தமிழ்நாடு, வாழ்றது கேரளா. அதனால சான்றிதழுக்கு அலையா அலையணும். அந்தக் காகிதம் இல்லாம உதவித்தொகையும் ஒதுக்கீடும் கை நழுவிப் போயிடும்.

இங்க வந்தவங்க இப்படி அலையுறப்ப, அந்தப் பக்கம் ஒரு முரண் இருக்கு. இந்தியாவுக்குன்னு எழுதிக் கொடுத்தும் போகாம மலையகத்துலயே தங்கிட்டவங்களுக்கு, 2003 சட்டம் மூலமா இலங்கையே குடியுரிமை கொடுத்துருச்சு.

என் கருத்து இதுதான். கலவரத்துல இருந்து வந்தவங்களுக்கு இந்தியா குடியுரிமை கொடுத்துச்சு, வேலை கொடுத்துச்சு. அதை மறுக்க முடியாது. ஆனா வேலையையும் வீட்டையும் ஒரே முடிச்சுல கட்டி வச்சிருச்சு. சிலோன் தோட்டத்துல வெள்ளைக்காரத் துரை போட்ட அதே முடிச்சு. நாலஞ்சு சென்ட் நிலத்துக்கு அவங்க பேர்ல பட்டா கொடுக்கிற வரைக்கும், 1964ல ஆரம்பிச்ச அந்த மறுவாழ்வு பாதியிலதான் நிக்குது.

உங்க குடும்பத்துலயும் யாராவது மண்டபம் முகாம் வழியா வந்திருந்தா, பெரியவங்க இருக்கும்போதே உட்கார வச்சு, எந்தத் தோட்டம், எந்த வருஷம், எந்தக் கப்பல்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. தாயகம் திரும்பினப்ப அவங்களுக்குக் கொடுத்த பழைய குடும்ப அட்டை வீட்டுல இருந்தா பத்திரப்படுத்துங்க. நாளைக்கு ஒரு சான்றிதழுக்கு அதுதான் ஆதாரமா நிக்கலாம். கமெண்ட்ல உங்க கதையைச் சொல்லுங்க.