காயம்படும் வீரருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம்: வாங்கும் அணி போட வேண்டிய கணக்கு

வியாபாரத்தில் நயமான சரக்கு குறைந்த விலைக்கு வருகிறதென்றால் நாம் முதலில் கேட்பது, ‘இதில் என்ன குறை?’ என்பதுதான். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகளும் வீரர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும்போது இதே கேள்வியைக் கேட்கின்றன. மனிதரைச் சரக்கு என்று சொல்லலாகாது. ஆனால் அந்தப் பரிமாற்றத்தில் உள்ள லாப நஷ்டக் கணக்கு, கொள்முதல் செய்யும் எவருக்கும் பாடமாகக் கூடியது.

அங்கே ‘சென்டர்’ எனப்படுபவர் வளையத்தின் அருகே நின்று ஆடும் மிக உயரமான வீரர். ஏழடி உயரமும் அதற்கேற்ற எடையும் கொண்ட உடலைத் தாங்கிக் குதிப்பதால் முழங்காலும் பாதமும் எளிதில் பழுதாகின்றன. நல்ல சென்டர் கிடைப்பது அரிது. எனவே சம்பளம் அதிகம். வழக்கமான ஒப்பந்தங்களில் அந்தச் சம்பளம் முழு உத்தரவாதம் உள்ளது. வீரர் காயம்பட்டு உட்கார்ந்தாலும் அணி பணம் தந்தாக வேண்டும். மேலும், சம்பள வரம்பைத் தாண்டிய அணிகள் ஏறக்குறைய ஈடான சம்பளத்தைக் கொடுத்துத்தான் வீரரைப் பெற முடியும். ஆகவே பெரிய சம்பளக்காரரை வாங்க நல்ல வீரர்களையே கொடுக்க நேர்கிறது.

பைனம் கணக்கு

2012 ஆகஸ்டில் நான்கு அணிகள் சேர்ந்து ஒரு பெரிய பரிமாற்றம் செய்தன. அதில் பிலடெல்பியா அணி, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் சென்டர் ஆண்ட்ரூ பைனத்தைப் பெற்றது. அப்போது அவருக்கு வயது 24. ஒப்பந்தத்தில் மீதி ஓராண்டு. சம்பளம் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல்.

அவருடைய பழைய பேரேட்டைப் புரட்டுவோம். ஒரு சீசனுக்கு 82 ஆட்டங்கள். 2007-08இல் 35, 2008-09இல் 50, 2009-10இல் 65, 2010-11இல் 54 ஆட்டங்கள் ஆடினார். நான்கு ஆண்டுச் சராசரி 51. இடது முழங்கால், வலது முழங்கால், அறுவை சிகிச்சை என்று காரணங்கள். 2011-12இல் மட்டும் 66 ஆட்டங்களாகக் குறைக்கப்பட்ட சீசனில் 60 ஆட்டங்கள் ஆடி, நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானார்.

1 கோடியே 60 லட்சம் டாலரை 82 ஆட்டங்களால் வகுத்தால் ஆட்டத்துக்கு 1 லட்சத்து 95 ஆயிரம் டாலர் ஆகிறது. 51 ஆல் வகுத்தால் 3 லட்சத்து 14 ஆயிரம். அடக்க விலை இரண்டாவதுதான். கடைசி ஆண்டின் நல்ல கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு முதல் விலைதான் கண்ணில் படும்.

நடந்தது அதையும் மீறியது. முழங்கால் வலியால் பைனம் பிலடெல்பியாவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2013 மார்ச்சில் இரு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அணி 34 வெற்றி, 48 தோல்வியுடன் சீசனை முடித்தது. ஒப்பந்தமும் முடிந்தது, அவரும் போய்விட்டார்.

பெரிய நஷ்டம் சம்பளம் அன்று. அவருக்காகக் கொடுத்தவற்றில் ஆண்ட்ரே இகுடாலா என்ற அனுபவசாலியோடு, நிகோலா வூசெவிச் என்ற இளம் சென்டரும் இருந்தார். சிறிய சம்பளக்காரரான வூசெவிச் ஆர்லாண்டோ அணியில் வளர்ந்து, 2019, 2021 ஆண்டுகளில் நட்சத்திர ஆட்டங்களுக்குத் தேர்வானார். பெரிய சரக்கின் மேல் கண் வைக்கும்போது, கையிலிருந்து போகும் சின்னச் சரக்கின் மதிப்பு குறைவாகவே தெரியும்.

பாதுகாத்துக்கொண்டவர்கள்

இதே பைனத்தை 2013இல் கிளீவ்லாந்து அணி சேர்த்துக்கொண்டது. ஆனால் வேறு நிபந்தனையில்! முதலாண்டுச் சம்பளம் 1 கோடியே 20 லட்சம் டாலருக்குச் சற்று மேல். அதில் உத்தரவாதம் 60 லட்சம் மட்டுமே. ஜனவரி தொடக்கத்தில் விலக்கினால் மீதி தர வேண்டியதில்லை. 24 ஆட்டங்களுக்குப் பின் 2014 ஜனவரியில் அவரையும் சில தேர்வு உரிமைகளையும் சிகாகோவுக்குக் கொடுத்து, லுவோல் டெங் என்ற நல்ல வீரரை வாங்கியது. சிகாகோ உடனே பைனத்தை விலக்கிச் சம்பளத்தை மிச்சம் பிடித்தது. ஆட்டத்தால் வராத பயன், எழுதி வாங்கிய நிபந்தனையால் வந்தது.

சரக்கைப் பரிசோதிப்பதற்கு டைசன் சாண்ட்லர் நல்ல உதாரணம். 2009 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணி இந்தச் சென்டரை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுக்கச் சம்மதித்தது. மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இடது கால் பெருவிரல் சந்தேகத்தைத் தந்தது. ஓக்லஹோமா சிட்டி பேரத்தை ரத்து செய்தது. சாண்ட்லர் திரும்பி வந்தார். அந்த ஜூலையில் சார்லட் அணிக்குப் போனார். அங்கே 2009-10இல் 51 ஆட்டங்களே ஆடினார்.

2010 ஜூலையில் டல்லாஸ் அணி அவரை வாங்கியது. அப்போது ஒப்பந்தத்தில் மீதி ஓராண்டுதான். டல்லாஸ் கொடுத்தவர்களில் முக்கியமானவர் எரிக் டாம்பியர்; அவருடைய அந்த ஆண்டுச் சம்பளத்துக்கு உத்தரவாதமே இல்லை. பிரெண்டன் ஹேவுட் என்ற இன்னொரு சென்டரும் கையில் இருந்தார். சாண்ட்லர் 74 ஆட்டங்கள் ஆடினார். 2011 ஜூனில் டல்லாஸ் சாம்பியன் ஆனது.

விட்ட அணியும் பிழை செய்யவில்லை; வாங்கிய அணியும் பிழை செய்யவில்லை. முதலாவது அணிக்கு இரண்டாண்டுக்கு மேல் சம்பளச் சுமை இருந்திருக்கும். இரண்டாவது அணிக்கு அது ஓராண்டில் முடியும்.

பிலடெல்பியாவுக்கும் ஒப்பந்தம் ஓராண்டுதானே என்று கேட்கலாம். உண்மை. அதனால்தான் சம்பள நஷ்டம் ஓராண்டோடு நின்றது. ஆனால் கொடுத்தது, திரும்பக் கிடைக்காத வளரும் முதல்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இத்தகைய பேரத்தில் ‘ஆள் நல்லவரா?’ என்ற கேள்வி மட்டும் போதாது. அவர் ஆடாத நாட்களின் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதே முக்கியம். அதற்கு நான்கு கேள்விகள்:

1. விலையை எத்தனை நாள் பயனால் வகுக்கிறோம்? ஓராண்டுக் கணக்கா, பல ஆண்டுச் சராசரியா?

2. நஷ்டம் எத்தனை ஆண்டில் நிற்கும்? எந்தத் தேதிக்குள் விலகலாம் என்று எழுத்தில் உள்ளதா?

3. பதிலுக்குக் கொடுப்பது, இழந்தாலும் தாங்கக் கூடியதா?

4. அவர் முடங்கினால் வேலையைப் பார்க்க இன்னொருவர் உண்டா?

நான்குக்கும் திருப்தியான விடை கிடைத்தால், பழுதுபட்ட காலுடையவரையும் துணிந்து வாங்கலாம். டல்லாஸ் வாங்கிக் கோப்பையே வென்றது. விடை கிடைக்காவிட்டால், நட்சத்திர வீரரே ஆனாலும் பேரத்தை விட்டுவிடுவதே முதலுக்குப் பாதுகாப்பு.