கண்டுபிடிக்காமலே எண்ணிவிடலாம்

ய⁵ − ய − 1 = 0. இதில் தெரியாத எண் ய. பார்க்கச் சாதுவாக இருக்கிறது. ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இதன் தீர்வைச் சூத்திரமாக எழுத யாராலும் முடியாது. இருபடிக்குப் பள்ளிக்கூடச் சூத்திரம் இருக்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர்கள் வழி கண்டார்கள். ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரமே கிடையாது என்று 1824இல் நார்வேக்காரர் ஆபெல் நிறுவிவிட்டார்.

சரி, தீர்வை எழுத வராது. எத்தனை தீர்வுகள், அவை எந்த வகை என்றாவது சொல்ல முடியுமா? முடியும், மிச்சமில்லாமல். இயற்கணிதத்தில் இதைவிட வியப்பான விஷயம் அதிகம் இல்லை என்பேன்.

மொத்த எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. படி ஐந்து என்றால் தீர்வுகளும், அதாவது கோவையைப் பூச்சியமாக்கும் எண்களான 'பூச்சியங்களும்', ஐந்து. காஸ் 1799இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எடுத்துக்கொண்டது இதைத்தான். திரும்ப வரும் பூச்சியத்தை வந்த தடவையெல்லாம் எண்ண வேண்டும், கலப்பெண்களையும் ஒதுக்கக் கூடாது. கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தால் கலப்பெண் பூச்சியங்கள் ஜோடி ஜோடியாகத்தான் வரும். ஆக, ஐந்தில் மெய்யானவை 1, 3 அல்லது 5.

அதில் எது? 1637இல் டேக்கார்ட் ஒரு விதியை நிரூபணம் தராமலே சொல்லிவிட்டுப் போனார். கெழுக்களின் குறிகளை வரிசையாகப் படியுங்கள்: +, −, −. ஓரிடத்தில்தான் குறி மாறுகிறது. மிகைப் பூச்சியங்கள் இந்த மாற்றங்களின் எண்ணிக்கையைத் தாண்டா. குறைந்தால் இரண்டிரண்டாகத்தான் குறையும் (இந்தப் பகுதி பின்னால் வந்தவர்கள் சேர்த்தது). ஒன்றிலிருந்து இரண்டைக் கழிக்க முடியாதே! ஆகவே மிகைப் பூச்சியம் சரியாக ஒன்று. குறைப் பூச்சியங்களை எண்ண, ய இருக்கும் இடத்தில் −ய போட்டால் குறிகள் −, +, − என்றாகின்றன, மாற்றம் இரண்டு. அப்படியானால் குறைப் பூச்சியங்கள் இரண்டு, அல்லது ஒன்றுகூட இல்லை. விதி இங்கே கையை விரித்துவிடுகிறது.

இந்த இழுபறியை 1829இல் முடித்துவைத்தவர் ஜெனீவாவில் பிறந்த ஸ்டர்ம். அப்போது அவருக்கு வயது 25. அவர் கையாண்டது பழைய சரக்குதான்: மீப்பெரு பொது வகுத்தி காண யூக்ளிட் சொன்ன தொடர் வகுத்தல். கோவையை அதன் வகைக்கெழுவால் வகுத்து, மீதியின் குறியைத் திருப்பிப் போட்டு, மீண்டும் வகுத்துக்கொண்டே போக வேண்டும். நம் கோவைக்கு நான்கே கண்ணிகள் கொண்ட சங்கிலி கிடைக்கிறது: ய⁵ − ய − 1, 5ய⁴ − 1, (4/5)ய + 1, கடைசியில் ஒரு குறை எண்.

எண்கோட்டில் இடப்பக்கம் வெகுதூரம் போனால் இவற்றின் குறிகள் −, +, −, −. மாற்றம் 2. ய = 0 என்ற இடத்தில் −, −, +, −. அங்கும் 2. வலப்பக்கம் வெகுதூரத்தில் +, +, +, −. மாற்றம் 1. இரண்டு இடங்களுக்கு நடுவே இந்த எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ, அங்கே அத்தனை வெவ்வேறு மெய்ப் பூச்சியங்கள். இடப்பக்கப் பாதியில் எதுவும் குறையவில்லை. ஆகவே குறைப் பூச்சியம் இல்லை. வலப்பக்கத்தில் ஒன்று குறைந்தது. முடிவு: மெய்ப் பூச்சியம் ஒன்று, கலப்பெண் பூச்சியங்கள் நான்கு. அந்த ஒன்றைத் தோராயமாகக் கணக்கிட்டால் 1.1673 வரும். ஆனால் எண்ணிக்கைக்கு அது தேவைப்படவே இல்லை.

இது வெறும் காகித வித்தை அல்ல. விமானமோ விசைப்பொறியோ, அதன் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஒரு பல்லுறுப்புக் கோவை உண்டு. அதன் பூச்சியங்கள் எல்லாவற்றின் மெய்ப்பகுதியும் குறை எண்ணாக இருந்தால் ஏற்படும் ஆட்டம் தானாக அடங்கும். ஒன்று மிகையானாலும் ஆட்டம் பெருகும். பூச்சியங்களின் மதிப்பு வேண்டாம், எந்தப் பக்கம் எத்தனை என்பது போதும். இங்கிலாந்தில் ரூத் 1877இல் ஸ்டர்மின் வழியைப் பின்பற்றி அதற்கு ஓர் அட்டவணை அமைத்தார். 1895இல் ஹர்விட்ஸ் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். மின்பொறியியல் மாணவர்கள் இன்றும் தேர்வில் அந்த அட்டவணையைத்தான் போடுகிறார்கள்.