மெய்நிகர் இயந்திரத்திற் குறுக்கீடு: தோற்றமும் மெய்ம்மையும்

விசைப்பலகை அழுத்தப்படும்போதோ, உள்ளகக் கடிகாரம் துடிக்கும்போதோ, செயலி தன் பணியை இடைநிறுத்தி, அதற்கென வகுக்கப்பட்ட செய்நிரலுக்குத் தாவுகின்றது. இதனையே குறுக்கீடு என்கின்றோம். தடைபடக்கூடாத பணியொன்றின்போது பணிசெயல் முறைமையானது குறுக்கீட்டுக் கொடியை இறக்கி வைக்கும். பணி முடிந்ததும் அதனை ஏற்றும். இயந்திரம் முழுவதும் தனக்கே உரியது என்னும் எடுகோளே இவ்வுரிமையின் அடிப்படையாகும்.

ஒரே கணனியிற் பல முறைமைகள் இயங்கும்போது இவ்வெடுகோள் பொருந்தாது. அவற்றுள் ஒன்று உண்மைக் கொடியை இறக்க அனுமதிக்கப்படின், ஏனையவற்றின் குறுக்கீடுகளும் தடைப்படும். எனவே மேற்பார்வை மென்பொருள் ஒவ்வொரு முறைமைக்கும் நினைவகத்தில் ஒரு நிழற்கொடியைப் பேணுகின்றது. உண்மைக் குறுக்கீடுகள் முதலில் மேற்பார்வை மென்பொருளையே அடைகின்றன. நிழற்கொடி இறங்கியிருப்பின் அவை நிலுவையில் வைக்கப்பட்டு, கொடி ஏறியதும் உரிய முறைமையிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

இதற்குக் கொடியின் ஒவ்வொரு மாற்றமும் மேற்பார்வை மென்பொருளுக்குத் தெரிதல் வேண்டும். இயந்திரத்தின் கட்டுப்பாட்டைத் தொடும் அறிவுறுத்தல்கள், உரிமையற்ற நிலையில் இயக்கப்படின், தடுக்கப்பட்டு மேற்பார்வை மென்பொருளிடம் கையளிக்கப்படல் வேண்டும் என்னும் நிபந்தனையைப் போபெக், கோல்ட்பேர்க் ஆகியோர் 1974 இல் வகுத்துரைத்தனர். 1972 இல் ஐ.பி.எம். அறிவித்த வி.எம்./370 இத்தகைய தடுப்பையே ஆதாரமாகக் கொண்டது.

இன்ரெல் எக்ஸ்86 செயலியின் நிலை வேறு. கொடியை நேரே இறக்கும் 'சி.எல்.ஐ.' அறிவுறுத்தல் உரிமையற்ற நிலையில் தடுக்கப்படும். ஆயின், அடுக்கிலிருந்து கொடிகளை மீட்கும் 'பொப்எஃப்' தடுக்கப்படுவதில்லை. குறுக்கீட்டுக் கொடியை மாற்றாது மௌனமாகக் கடந்துவிடும். கொடி இறங்கியதென முறைமை நம்பும். மேற்பார்வை மென்பொருளோ அதனை அறியாது. பாதி எழுதப்பட்ட தரவின் நடுவே குறுக்கீடு புகுந்து அதனைச் சிதைக்கவும் கூடும்.

இம்முரண்பாடு இருவகையில் தீர்க்கப்பட்டது. 1999 இல் வெளிவந்த வி.எம்.வெயர் மென்பொருள், இத்தகைய அறிவுறுத்தல்களை இயக்கத்தின்போதே நிழற்கொடியைக் கையாளும் நிரலாகப் பெயர்த்தது. 2005 இல் இன்ரெல் செயலியையே திருத்தியது. இதன்படி, முறைமை தன் கொடியைத் தானே கையாளலாம். எனினும் மேற்பார்வை மென்பொருள் கோரியிருப்பின், கொடி எந்நிலையில் இருப்பினும் வெளிக் குறுக்கீடு அதனிடமே சேரும். நிலுவை இருப்பின், கொடி ஏறும் தருணத்தையும் செயலி அதற்கு அறிவிக்கும். இக்கைமாறல் ஒவ்வொன்றும் நேரத்தை விழுங்குவது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

தடுக்கப்படும் செயலை நாம் அறிந்து ஈடுசெய்யலாம். தடையுமின்றி, நிறைவேற்றமுமின்றிக் கடந்துபோகும் செயலே, தோற்றத்துக்கும் மெய்ம்மைக்கும் இடையே காணப்படாத பிளவை உண்டாக்குகின்றது. மெய்நிகர் இயந்திரத்தின் நம்பகம் அப்பிளவை அடைப்பதிலேயே தங்கியுள்ளது.