மீன்கொத்தி வைத்த பெயர்

மின்கம்பியில் அமர்ந்து வெட்டுக்கிளிக்குக் குறிவைக்கும் நம்மூர் வெண்மார்பு மீன்கொத்திக்கு அறிவியல் பெயர் ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ். இதில் முதல் சொல்லை ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் வேறு இடத்தில் சந்தித்திருப்பார்கள். அங்கே அது பறவையல்ல, பெயரடை.

இன்று அந்தப் பெயரடை பெரும்பாலும் 'டேஸ்' என்ற சொல்லோடுதான் வரும். 'ஹால்சியன் டேஸ்' என்றால் கவலையற்று, அமைதியாகக் கழிந்த நாட்கள். பேச்சில் அரிது; எழுத்தில், அதுவும் கடந்துபோன காலத்தை எண்ணி ஏங்கும் எழுத்தில், அடிக்கடி வரும். 1914-க்கு முந்தைய இங்கிலாந்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இது கைவந்த சொல். தமிழில் 'பொற்காலம்' என்று பெயர்த்துவிடுகிறோம். அது போதாது. பொற்காலத்தில் செழிப்பு இருக்கிறது, புயல் இல்லை. இந்தச் சொல்லோ புயலுக்கு நடுவில் பிறந்தது.

கிரேக்கக் கதைப்படி, காற்றுகளை ஆளும் ஏயோலஸின் மகள் அல்சியோனி. கணவன் சீயிக்ஸ் கப்பல் உடைந்து மடிய, அவன் உடல் கரை ஒதுங்குவதைக் கண்டு அவள் கடலை நோக்கிப் பாய்கிறாள். தேவர்கள் இரக்கப்பட்டு இருவரையும் மீன்கொத்திகளாக்குகிறார்கள். நடுக்குளிர்காலத்தில் கடல்மேல் மிதக்கும் கூட்டில் அவள் அடைகாக்க, தந்தை காற்றைக் கட்டிவைக்கிறான். ரோமானியக் கவிஞர் ஓவிட் தம் 'உருமாற்றங்கள்' நூலின் 11-ஆம் பகுதியில் இதை விரிவாகச் சொல்கிறார். ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கு முன் 7 நாள், பின் 7 நாள் கடல் அடங்கியிருக்கும் என்பது பழைய நம்பிக்கை. சுற்றிலும் சீறும் குளிர்காலம், இடையில் வெறும் 14 நாள் அமைதி. சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உண்மையில் மீன்கொத்தி கடலில் கூடு கட்டுவதில்லை. மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும். ஆனாலும் நம்பிக்கைகள் எளிதில் விடவில்லை. செத்து உலர்ந்த மீன்கொத்தியை நூலில் தொங்கவிட்டால் அதன் அலகு காற்று வரும் திசையைக் காட்டும் என்று இங்கிலாந்தில் நம்பினார்கள். ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் இதற்குக் குறிப்பு உண்டு. தாமஸ் பிரௌன் என்ற மருத்துவர் சோதித்தே பார்த்துவிட்டார். பறவைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று 1646-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அந்த ஆர்வத்தை மெச்சத்தான் வேண்டும்.

சொல்லின் முதலில் நிற்கும் 'ஹ' ஒலிகூட நம்பிக்கையின் வரவுதான். கிரேக்க மூலத்தில் அது இல்லை. கடலைக் குறிக்கும் 'ஹால்ஸ்' என்ற சொல்லோடு உறவு கற்பித்துப் பிற்காலத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பறவையியலார் அல்சியோனியின் கணவனையும் மறக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், உள்ளங்கைக்குள் அடங்குகிற வண்ணமயமான குட்டி மீன்கொத்தி ஒன்று உண்டு. அதன் பேரினப் பெயர் சீயிக்ஸ். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில்தான் அது ஓடைக்கரை மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது.