தரையைப் பெயர்க்கும் முன் குழாயைப் பாருங்கள்

கழிவறையில் தண்ணீர் ஏறி நிற்கிறது. பிளம்பர் வருகிறார், மூங்கில் சிலாக்கையோ இரும்பு ராடையோ விட்டுக் குத்துகிறார், தண்ணீர் இறங்குகிறது, கூலி வாங்கிக்கொண்டு போகிறார். சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. கடைசியில் ஒருநாள், "டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தாதான் தெரியும் சார்" என்கிறார். செப்டிக் டேங்கோ ஆழமான சேம்பரோ இருந்தால், "ஒரு ஆளை இறக்கிப் பார்த்துடலாம்" என்பார். முதல் யோசனைக்குச் சம்மதித்தால் பணம் போகும். இரண்டாவதற்குச் சம்மதித்தால் ஓர் உயிர் போகலாம், உங்கள்மேல் வழக்கும் வரலாம். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வசதி வந்துவிட்ட பிறகு, இந்த இரண்டுக்கும் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

கருவி எளிமையானதுதான். சுருட்டி வைத்த விறைப்பான கேபிள், அதன் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கேமரா, அதைச் சுற்றிச் சின்ன எல்இடி விளக்குகள். சேம்பர் வழியாக உள்ளே தள்ளத் தள்ள, வெளியே திரையில் குழாயின் உட்புறம் தெரியும். எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்ற கணக்கு திரையின் ஓரத்தில் ஓடும். பல கருவிகளில் கேமராத் தலைக்குள் ஒரு சிறு அலைபரப்பியும் இருக்கும். தரைமேல் இன்னொரு கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தால், கேமரா எந்த இடத்துக்குக் கீழே, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று காட்டிவிடும். ஹால் முழுவதையும் உடைக்காமல், சாக்பீஸால் குறித்த ஓரிடத்தில் மட்டும் உடைப்பது இதனால்தான் சாத்தியமாகிறது.

கேமராக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. வீட்டைச் சுற்றியுள்ள சேம்பர் மூடிகளைத் திறந்து பாருங்கள். மூடியைத் திறந்ததும் குனியாமல் சற்று விலகி நில்லுங்கள். அருகில் தீக்குச்சி, பீடி, சிகரெட் கூடாது. குழந்தைகளைத் தள்ளியே வையுங்கள். தெருவை ஒட்டிய கடைசி சேம்பரும் நிரம்பி நின்றால், அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே புகார் இருந்தால் சந்தேகமே வேண்டாம், தெருவின் பிரதானக் குழாயில்தான் கோளாறு. அது உங்கள் செலவு அல்ல. சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணிலும், மற்ற ஊர்களில் நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்திலும் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி சேம்பர் காலியாக இருந்து உள்ளே இருப்பது மட்டும் நிரம்பியிருந்தால், இரண்டுக்கும் நடுவில்தான் விஷயம். கேமரா தேட வேண்டிய தூரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

திரையில் என்ன தெரியும்? மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளின் வீடுகளில் ஸ்டோன்வேர் குழாய்களைச் சிமென்ட் கலவையால் இணைத்திருப்பார்கள். காலப்போக்கில் அந்த இணைப்பு வெடிக்கும். அரசமரம், வேம்பு எதுவானாலும் வேர் ஈரத்தைத் தேடி அந்த வெடிப்புக்குள் நுழைந்துவிடும். திரையில் முதலில் மெல்லிய பழுப்பு இழைகள் தொங்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் குழாயையே மறைக்கிற வேர்க்கொத்து. அதில் துணியும் முடியும் எண்ணெய்க் கசடும் சிக்கி நிற்கும். ராடு விட்டவர் ஒவ்வொரு முறையும் அந்தக் கொத்தில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். இணைப்பைச் சரிசெய்யாதவரை வேர் திரும்ப வரும்.

புது வீடுகளின் பிவிசி குழாயில் வேறு நோய். மண்ணைச் சரியாகக் கெட்டிக்காமல் குழாயைப் பதித்திருந்தால், மேலே பாரம் ஏறியதும் நடுவில் தொய்ந்துவிடும். கேமரா போய்க்கொண்டே இருக்கும்போது தண்ணீர் மட்டம் மெல்ல ஏறி லென்ஸை மூழ்கடிக்கும்; ஓரிரு மீட்டர் தாண்டியதும் மறுபடி வெளியே வரும். அந்தத் தொய்வில் மலமும் சோப்புக் கசடும் தங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிவு கொடுப்பது வழக்கம். அந்தச் சரிவு போனால், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் வண்டி எத்தனை முறை வந்தாலும் பலன் தற்காலிகம்தான். கட்டுமானத்தின்போது உள்ளே விழுந்து இறுகிய சிமென்ட்டையும் நாப்கினையும் டயப்பரையும் இதே திரையில் பார்க்கலாம். இவற்றில் சிலவற்றைத் தண்ணீர் பீய்ச்சி எடுக்கலாம். சிலவற்றுக்கு அந்தத் துண்டை மட்டும் மாற்ற வேண்டும். குழாய் நொறுங்கியே போயிருந்தால் தோண்டாமல் வழியில்லை. எது உங்கள் கதை என்று தெரியாமல் விலை பேசக் கூடாது.

கேமராவுக்கும் எல்லை உண்டு. குழாய் நிறையக் கழிவு நிற்கும்போது விட்டால் கலங்கல்தான் தெரியும். முதலில் ஜெட் அடித்துவிட்டுப் பார்க்க வேண்டும். குழாய்க்கு வெளியே மண் அரித்திருப்பது அதற்குத் தெரியாது. கழிவறைக் கோப்பையின் வளைவு வழியாகப் பெரும்பாலும் போகாது, சேம்பர் வேண்டும். சேம்பர் மேல் டைல்ஸ் போட்டு மூடிவிட்ட வீடுகள் நிறைய. அழகுக்காகச் செய்தது, அடைப்பு வரும் நாளில் முதல் உடைப்புச் செலவாகிறது.

இங்கே ஏமாற்றும் உண்டு. சோதனை செய்பவரே பழுதும் பார்ப்பவரானால், எல்லாக் குழாயும் "முழுசா மாத்தணும்" என்ற நிலைக்கு வந்துவிட வாய்ப்பிருக்கிறது. முடிந்தால் இரண்டையும் இருவரிடம் கொடுங்கள். கட்டணம் வருகைக்கா, மீட்டருக்கா, ஜெட் அடிப்பதும் சேர்த்தா என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். பதிவு ஓடத் தொடங்கும்போது வீட்டு வாசலும் தேதியும் படத்தில் வரட்டும்; அங்கிருந்தே வெட்டில்லாமல் சேம்பருக்குள் இறங்கட்டும். வேறு யார் வீட்டு வீடியோவையோ காட்டி உங்களை மிரட்ட முடியாமல் போகும். மீட்டர் கணக்கு கடைசிவரை திரையில் இருக்க வேண்டும். சோதனை முடிந்ததும் மூலக் கோப்பைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும். பழுது பார்த்த பிறகு அதே இடத்தில் இரண்டாவது முறை கேமரா விடச் சொல்லி, அதையும் வாங்குங்கள். கடைசித் தொகையை அந்த இரண்டாவது வீடியோவைப் பார்த்த பிறகு கொடுப்பதே சரி.

இனி, ஆளை இறக்கும் பேச்சு. இதில் நயமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. கழிவுத் தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவர் சில மூச்சுகளில் சாய்ந்துவிடலாம். காப்பாற்றப் பின்னால் குதிப்பவரும் அங்கேயே விழுகிறார். தமிழ்நாட்டில் இப்படி இறந்தவர்களின் செய்தியை நாம் எத்தனையோ முறை படித்துவிட்டோம். இறந்தவர்களில் பெரும்பாலோர் எந்தச் சமூகத்தவர் என்பதும் நமக்குத் தெரியும்.

2013ஆம் ஆண்டின் கையால் கழிவு அகற்றுவோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம், பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ எவரையும் இறக்கக் கூடாது என்கிறது. நேரடியாக மட்டுமல்ல, மறைமுகமாகவும் கூடாது. "நான் பிளம்பரிடம்தான் சொன்னேன், அவர்தான் ஆளைக் கூட்டிவந்தார்" என்று வீட்டுக்காரர் எளிதில் நழுவ முடியாது. முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, 5 லட்சம் வரை போகும். ஜாமீனில் வர முடியாத குற்றம். கழிவுநீர்க் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் வகுத்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்தச் சொன்னது. உங்கள் தெருவில் எவரையாவது இறக்குவதைப் பார்த்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள், காவல்துறையையும் கூப்பிடுங்கள். செப்டிக் டேங்க், சாக்கடை சுத்தம் செய்ய இயந்திரம் வேண்டுமானால் 14420 என்ற எண் இருக்கிறது.

குழாயில் ஆசிட் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அடைப்பு கரையாமல் நின்றால், அந்த ஆசிட் அடுத்து சேம்பரைத் திறப்பவர் முகத்துக்காகக் காத்திருக்கும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட குழாயில் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

வீடியோ கையில் இருந்தால் சண்டைகள் பல சீக்கிரம் தீரும். வாடகை வீட்டில் இது அன்றாடப் பிரச்சினை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, சாக்கடையைச் சுத்தம் செய்வது குடியிருப்பவர் வேலை. குழாயை மாற்றுவது வீட்டுக்காரர் வேலை. அடைத்தது நாப்கினா, நொறுங்கிய குழாயா என்று இருவரும் சேர்ந்து திரையைப் பார்த்துவிட்டால் யார் செலவு என்பதில் வாதமே இல்லை. அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரரிடம் காட்டவும் ஆதாரம் இருக்கும்.

புதிய அடுக்குமாடியில் குடியேறியவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சரிவில்லாமல் பதித்த கழிவுக் குழாய் இதற்குள் வரும். வாய்ப்பேச்சாக இல்லாமல், சங்கத்தின் பெயரில் பதிவுத் தபாலில் எழுதுங்கள், வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் அசையாவிட்டால் தமிழ்நாடு ரெரா ஆணையம் இருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்தவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலில் 1915 உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பில் இல்லாவிட்டால் ஜிபே, போன்பே ரசீதாவது வைத்திருங்கள். வீடியோவை ஆதாரமாகக் கொடுப்பதானால், 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது. அதற்குக் கேமரா விட்டவரின் கையெழுத்து தேவைப்படலாம் என்பதால், சோதனை நடக்கும் அன்றே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.