மயங்கிக் கிடப்பவரின் காவலர்

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் அறுவை அரங்கிற்கு வெளியே எந்த நாளிலும் ஒரு கூட்டம் காத்திருக்கும். மேலூரிலிருந்து வந்த விவசாயி, உசிலம்பட்டியிலிருந்து மகளைப் பிரசவத்திற்கு அழைத்து வந்த தாய், திருமங்கலத்துப் பெரியவர், வாடிப்பட்டி இளைஞன் என்று சுற்று வட்டாரச் சமவெளி முழுவதும் அங்கே கூடியிருக்கும். “யார் ஆபரேஷன் செய்கிறார்?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். “யார் மயக்கம் கொடுக்கிறார்? மயக்கம் தெளியும்வரை யார் அருகில் இருப்பார்?” என்று கேட்பவர் மிகச் சிலரே.

ஆனால் கதவு சாத்தப்பட்ட பின், நம் உறவினரின் உயிர் பெரிதும் இந்த இரண்டாவது கேள்விக்குரியவரின் கையில்தான் இருக்கிறது. அறுவை மருத்துவரின் கண் புண்ணின்மீது இருக்கும். மயங்கிக் கிடப்பவரின் மூச்சு, நாடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றின்மீது மற்றொருவரின் கண் இமைக்காமல் இருக்க வேண்டும். முழு மயக்கத்தில் நாக்கு பின்னே சரிந்து மூச்சுக் குழலை அடைக்கலாம். முதுகில் ஊசி போட்டால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரியலாம். பிராணவாயு இன்றிச் சில நிமிடங்கள் கழிந்தாலும் மூளை மீளாத சேதம் அடையும்.

கன்னியரின் கையில் ஈதர்

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஈதர் ஆவியால் வலியின்றி அறுவை செய்யலாம் என்பது பலர் முன்னிலையில் மெய்ப்பிக்கப்பட்டது. வலி ஒழிந்தது, ஆனால் புதியதோர் ஆபத்து பிறந்தது. ஈதர் கொடுக்கும் வேலையைப் பெரும்பாலும் அனுபவமற்ற இளம் மருத்துவ மாணவரிடம் ஒப்படைத்தார்கள். அவரோ அறுவையைக் கற்கும் ஆவலில் நோயாளியின் முகத்தை விட்டுக் கத்தியின்மீதே கண் வைத்தார். மூச்சு நின்றதை அறியாமலே சிலர் இறந்தனர்.

நோயாளியை மட்டுமே கவனிக்கும் ஒருவர் வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் தேடியபோது, அவர்கள் கண்டது செவிலியரை. அவர்களுள்ளும் முதன்மையாக அருட்கன்னியரை. 1877-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில், புனித வின்சென்ட் மருத்துவமனையைச் சேர்ந்த அருட்சகோதரி மேரி பெர்னார்டு இப்பணியை ஏற்றார். மயக்க மருந்தையே தம் தனிப்பணியாகக் கொண்டவராக வரலாறு அறியும் முதல் செவிலியர் அவரே. பின்னர் பிரான்சிஸ்கன் கன்னியர் நடத்திய ராச்செஸ்டர் புனித மரியன்னை மருத்துவமனையில், மேயோ சகோதரர்களுடன் பணியாற்றிய ஆலிஸ் மகா என்ற செவிலியர், 1906-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மயக்கம் கொடுத்தும், அதன் காரணமாக ஒருவரும் இறக்கவில்லை என்பதே அதன் செய்தி. முகத்தின்மீது வைத்த துணியில் சொட்டுச் சொட்டாக ஈதரை விட்டு, ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக் கவனித்ததன் பயன் அது.

சங்கம் ஏன் பிறந்தது?

தனி ஒருவரின் திறமை அவரோடு மறைந்துவிடும். அதைப் பலருக்குரிய ஒழுங்காக மாற்ற ஓர் அமைப்பு வேண்டும். இதை உணர்ந்தவர் கனடாவில் பிறந்த அகதா ஹாட்ஜின்ஸ். 1931 ஜூன் 17 அன்று, கிளீவ்லாந்து நகரின் லேக்சைடு மருத்துவமனையில், பல மாநிலங்களிலிருந்து வந்த ஏறத்தாழ நாற்பது மயக்கச் செவிலியரை அவர் ஒன்றுகூட்டினார். அமெரிக்க மயக்கச் செவிலியர் சங்கம் அவ்வாறு தோன்றியது.

சங்கம் தன் உறுப்பினருக்குப் பயிற்சியின் அளவை வரையறுத்தது. 1945-இல் தகுதித் தேர்வை நடத்தத் தொடங்கியது. 1952 முதல் பயிற்சிப் பள்ளிகளையே சோதித்து ஏற்பு வழங்கியது. “நான் ஈதர் கொடுக்கக் கற்றவள்” என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, கற்றதை மெய்ப்பிக்கும் வழியை உண்டாக்கியது. 2022 முதல் அந்நாட்டில் இப்பயிற்சியில் சேர்வோர் முனைவர் நிலைப் பட்டத்திற்கே பயில வேண்டும்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், புனித வின்சென்ட் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்மர் நெல்சன் என்ற செவிலியர்மீது மருத்துவர் சிலர் வழக்குத் தொடுத்தனர். மயக்கம் கொடுப்பது மருத்துவத் தொழில் என்பது அவர்கள் வாதம். அறுவை மருத்துவரின் நேரடி மேற்பார்வையில் அவர் செய்தது சட்ட மீறல் அன்று என 1936-இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சங்கத்திற்கும் குறை உண்டு

நல்ல நோக்கத்தோடு பிறந்த அமைப்பும் தன் கதவைச் சிலருக்கு அடைத்துவிடக் கூடும். இச்சங்கம் 1944 வரை கறுப்பினத்தவரையும் 1947 வரை ஆண்களையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. இந்தக் குறையை எண்ணும்போது ஒரு நிகழ்ச்சி நெஞ்சைத் தொடுகிறது.

1958 செப்டம்பர் 20 அன்று, நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் மார்ட்டின் லூதர் கிங்கின் மார்பில் ஒரு பெண் கடிதம் பிரிக்கும் கத்தியைப் பாய்ச்சினாள். கத்தியின் முனை இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியை ஒட்டி நின்றது. ஒரு தும்மல் வந்திருந்தாலும் உயிர் போயிருக்கும் என்று பின்னர் கூறப்பட்டது. ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை நடந்தபோது மூச்சுப் பையைத் தம் கையால் அழுத்தி அவருக்கு மூச்சளித்தவர் கோல்டி பிராங்மன் என்ற கறுப்பினச் செவிலியர். உயிர் பிழைத்த கிங், 1959 பிப்ரவரியில் இந்தியா வந்தார்; நம் திண்டுக்கல் அருகிலுள்ள காந்திகிராமத்திற்கும் வந்து சென்றார். அந்த மண்ணில் அவர் நடந்தபோது, ஐந்து மாதங்களுக்கு முன் அவருடைய மூச்சைக் காத்த செவிலியரின் பெயர் இங்கே யாருக்குத் தெரிந்திருக்கும்? 1973-இல் அதே கோல்டி பிராங்மன், முன்பு தம் இனத்தாரை விலக்கி வைத்த சங்கத்திற்கே தலைவரானார். தவறைத் திருத்திக்கொள்ளும் சங்கமே வாழும் சங்கம்.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டில் மயக்கவியல் மருத்துவரின் துறை. 1947-இல் தோன்றிய இந்திய மயக்கவியலாளர் சங்கம் அம்மருத்துவர்களின் அமைப்பு. அமெரிக்காவில் உள்ளதுபோல் மயக்கச் செவிலியர் என்ற தனித் தகுதி இங்கே ஏற்படுத்தப்படவில்லை. நாட்டுப்புறப் பிரசவங்களில் மயக்கவியல் நிபுணர் கிடைக்காத குறையைப் போக்க, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குப் பதினெட்டு வாரச் சிறப்புப் பயிற்சி அளிக்கும் வழியையே நம் அரசு தேர்ந்தது.

அப்படியானால் நம் செவிலியருக்கு இதில் பங்கில்லையா? நிரம்ப உண்டு. பிராணவாயு உருளை நிறைந்திருக்கிறதா, உறிஞ்சு கருவி இயங்குகிறதா, அவசர மருந்துகள் கையருகே இருக்கின்றனவா என்று பார்ப்பவர் அவர். முதுகில் ஊசி போடும்போது அஞ்சி நடுங்கும் தாயின் தோளை அணைத்துப் பிடிப்பவர் அவர். அறுவை முடிந்து மருத்துவர் அடுத்த நோயாளியிடம் சென்ற பின்பு, மயக்கம் தெளியும்வரை மூச்சைக் கவனிப்பவரும் அவரே. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல், மயக்கம் கொடுப்பதற்கு முன்பும், கீறுவதற்கு முன்பும், அரங்கை விட்டு நோயாளி வெளியேறுவதற்கு முன்பும் நின்று சரிபார்க்கச் சொல்கிறது. அக்கேள்விகளை உரக்கக் கேட்கும் பொறுப்பு பெரும்பாலும் செவிலியருக்கே வருகிறது.

இங்கேதான் ஒரு சோதனை எழுகிறது. ஊரோரத்துச் சிறு மருத்துவமனை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். நள்ளிரவு, மயக்கவியல் மருத்துவர் வரவில்லை. “ஊசியை நீங்களே போட்டுவிடுங்கள், சிஸ்டர், ஒன்றும் ஆகாது” என்று சொல்லப்பட்டால், இருபத்திரண்டு வயதுப் பெண் என்ன செய்வாள்? மறுத்தால் வேலை போகும். உடன்பட்டால் ஓர் உயிர் போகலாம்; போனால் பழி அவள் தலையில் விழும். ஊரில் அவள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் இருக்கிறது. “இது என் பயிற்சிக்கு உட்பட்டதன்று, செய்ய மாட்டேன்” என்று தனி ஒருத்தியாகச் சொல்வது கடினம். அவள் பின்னே ஒரு சங்கம் நின்றால் அச்சொல்லுக்கு வலிமை வரும்.

அத்தகைய சங்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1905-இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினர். 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியருக்கான சங்கம் உருவாயிற்று. இரண்டும் 1922-இல் ஒன்றாகி இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் ஆயின. 1910 முதல் அது தனக்கென ஓர் இதழையும் கொண்டிருக்கிறது. செவிலியர் தொழிலுக்குச் சட்டப் பதிவு வேண்டும் என்ற கோரிக்கை, சென்னை மாகாணத்தில் 1926-இல் சட்டமாயிற்று. 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. 1946-இல் போர் குழு அறிக்கை வெளிவந்தபோது 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்பதே நாட்டின் நிலை. அந்தச் சிறு தொகையினர் கூடி நின்றதால்தான் இத்தனையும் முடிந்தது.

சங்கம் என்றவுடன் ஊதிய உயர்வும் ஊர்வலமும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. நியாயமான ஊதியம் கேட்பதில் தவறில்லை. களைத்துப்போன கண்ணால் மூச்சைக் காவல் காக்க இயலாது. ஆனால் சங்கத்தின் முதற்கடமை அதனினும் உயர்ந்தது. இன்னது கற்றவரே இன்னது செய்யலாம் என்று எல்லை வகுப்பதும், கற்பிப்பதும், எல்லையை மீறச் சொல்லும்போது “முடியாது” என்பவளைக் கைவிடாமல் காப்பதுமே அக்கடமை. அவளைக் காப்பது அறியாமலே மேசையில் கிடக்கும் நோயாளியைக் காப்பதாகும்.

நாம் செய்ய வேண்டியது

நம் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பெண்மக்கள் செவிலியர் பயிற்சிக்குச் செல்கின்றனர். பெற்றோரே, உங்கள் மகள் பட்டம் பெற்று வரும்போது, எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “பதிவு செய்துகொண்டாயா? சங்கத்தில் சேர்ந்தாயா?” என்றும் கேளுங்கள்.

நம் வீட்டில் ஒருவருக்கு அறுவை நடக்கும் நாளில், மயக்கம் கொடுக்கும் மருத்துவர் யார் என்று பணிவோடு கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆஸ்துமா, ஒவ்வாமை, உண்ணும் மாத்திரைகள், பொய்ப்பல் ஆகிய எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், பாசத்தால் இட்லியை ஊட்டிவிடாதீர்கள். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

கதவு திறந்து, நம்மவர் கண் விழித்து, “தண்ணீர்” என்று கேட்கும் அந்த நேரத்தில் மருத்துவருக்கு நன்றி சொல்கிறோம். கட்டிலருகே நாடியைப் பிடித்தபடி நிற்கும் அந்தச் செவிலியரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம். நாம் வெளியே காத்திருந்த நேரமெல்லாம் உள்ளே விழித்திருந்தவர் அவர்.